ஃபெடோராவின் போதி: மூன்று பேர் சரி என்றால் போதுமா?

ஃபெடோரா லினக்ஸில் ஓர் அப்டேட் எல்லோருடைய கணினிக்கும் போகலாமா என்று முடிவாகும் இடம் போதி. பேக்கேஜ் பராமரிப்பாளர், ஃபெடோராவின் பில்ட் அமைப்பான கோஜியில் பில்ட் செய்து போதியில் பதிகிறார். அது முதலில் அப்டேட்ஸ்-டெஸ்டிங் என்ற சோதனை ரிப்போவுக்கு (பேக்கேஜ் கிடங்குக்கு) போகும். ஃபெடோரா கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் அதை நிறுவிப் பார்த்து +1, 0, -1 என்று கர்மா போடலாம். போதிய கர்மா சேர்ந்தாலோ, குறித்த நாள் கடந்தாலோ அப்டேட் ஸ்டேபிளுக்கு, அதாவது எல்லோருக்கும் போகும் ரிப்போவுக்கு, தகுதி பெறும். வெளியான பதிப்புகளில் சாதாரண பேக்கேஜுக்கு 7 நாள். பூட், லாகின், நெட்வொர்க், அப்டேட் நிறுவுவது போன்ற அடிப்படை வேலைகளைத் தாங்கும் கிரிட்டிக்கல் பாத் பேக்கேஜுக்கு 14 நாள்.

கெர்னலுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது. பத்துப் பேர்கூடப் பயன்படுத்தாத லைப்ரரிக்கு இது வெறும் காத்திருப்பு. பராமரிப்பாளர் இந்த வித்தியாசத்தை உணர்ந்து அமைப்புகளை மாற்றினால்தான் போதியின் முழுப் பயனும் கிடைக்கும்.

டெஸ்டிங்கைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 டிசம்பர் நல்ல உதாரணம். நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படும் டி-பஸ்ஸில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் ஃபெடோரா 10-க்கு அவசரமாக ஸ்டேபிளுக்குப் போனது. அனுமதி விதிகள் திடீரென இறுகியதால் பழைய தளர்வான விதியை நம்பியிருந்த சேவைகள் நின்றுபோயின. அவற்றில் பேக்கேஜ்கிட்டும் ஒன்று. வரைகலை வழியாக அப்டேட் போடும் கருவியே உடைந்துவிட்டதால், உடைந்ததைச் சரிசெய்யும் அப்டேட்டை அந்த வழியாக வாங்க முடியவில்லை. டெர்மினல் தெரிந்தவர்கள் யம் என்ற கட்டளைவழிக் கருவி கொண்டு தப்பித்தார்கள். ஃபெடோராவின் அப்டேட் விதிகள் 2010-ல் இறுகியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

இப்போது கர்மா. புது அப்டேட் பதியும் படிவத்தில் வழக்கமாக +3 வந்தால் தானாக ஸ்டேபிள், -3 வந்தால் தானாக விலக்கு என்று இருக்கும். இந்த மூன்று என்ற எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் பராமரிப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு. கெர்னல் அப்டேட்டுக்கு மூன்று +1 சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும். ஆனால் அந்த மூன்று பேரிடமும் ஒரே மாதிரி இன்டெல் லேப்டாப் இருந்தால், வேறொரு வைஃபை சிப்பில் வரும் பழுது அவர்கள் கண்ணில் படவே படாது. அந்தப் பழுதோடு வருபவர் பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் வருவார். அதற்குள் தானியங்கி அப்டேட்டை ஸ்டேபிளுக்குத் தள்ளிவிட்டிருக்கும். டெஸ்டிங் ரிப்போவுக்கு வரும் முன்பே கோஜியிலிருந்து நேரடியாக இறக்கிப் பார்த்தவர்களின் கர்மாவும் கணக்கில் சேரும் என்பதால், ஆள் அதிகம் உள்ள பேக்கேஜுக்கு மூன்று மிகக் குறைவு. கர்மாவால் தானாகத் தள்ளுவதை அணைத்துவிட்டு, கருத்துகளைப் படித்துக் கையால் தள்ளுவதே நல்லது.

சின்ன பேக்கேஜுக்கு நேர் எதிர். மூன்று பேர் கிடைக்கவே மாட்டார்கள். அங்கே வரம்பை 1 ஆக்கி, நாள் கணக்கில் தானாகத் தள்ளுவதையும் சேர்த்து வைக்கலாம். அதோடு எதைச் சோதிக்க வேண்டும் என்று அப்டேட் குறிப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். 'புதிய வெளியீடு' என்று மட்டும் எழுதி வைத்தால் டெஸ்டர் நிறுவுவார், திறப்பார், மூடுவார், +1 போடுவார். அந்த +1 சொல்வது பேக்கேஜ் நிறுவ முடிகிறது என்பதை மட்டும்தான்.

போதியின் மிகச் சிறந்த அம்சம் இதுதான்: டெஸ்டிங்கில் இருக்கும்போது ஒரே ஒரு -1 விழுந்தாலும் கர்மாவால் தானாகத் தள்ளுவது அணைந்துவிடும். அதன் பிறகு எத்தனை +1 வந்தாலும் பராமரிப்பாளர் வந்து பார்த்துத்தான் தள்ள வேண்டும். ஓட்டுக் கணக்கில் தோற்றுப்போகும் ஒரே ஒரு ஆளின் குரலுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பது சரியான முடிவு. அதனாலேயே -1 போடுபவருக்கும் பொறுப்பு உண்டு. பழைய பதிப்பிலும் இருந்த பழுதுக்கு -1 போடக் கூடாது. திருத்தியதாகச் சொன்ன பக் திருந்தவில்லை, ஆனால் புதிதாக எதுவும் கெடவில்லை என்றால், அந்த பக்குக்கு நேராக உள்ள தனிக் கட்டத்தில் எதிர்மறை குறித்துவிட்டு மொத்தக் கர்மாவை 0 என விடலாம். பக், டெஸ்ட் கேஸ், மொத்தக் கர்மா மூன்றுக்கும் போதி தனித்தனி இடம் வைத்திருக்கிறது. பலரும் கடைசியை மட்டுமே தொடுகிறார்கள்.

அப்டேட்டில் உள்ள பில்டை மாற்றினால் கர்மா பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். நியாயம்தான், சோதித்தது வேறு பில்ட் அல்லவா. ஆனால் ஆறாம் நாள் சின்னத் திருத்தத்துக்காக பில்டை மாற்றும் பராமரிப்பாளர், டெஸ்டர்கள் இரண்டாம் முறை அவ்வளவு ஆர்வமாக வர மாட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய வசதியையும் ஒரே அப்டேட்டில் கட்டாமல் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

டெஸ்டர்களுக்கு ஒரு யோசனை. டெஸ்டிங் ரிப்போவை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டியதில்லை. போதிப் பக்கத்தில் அந்த அப்டேட்டை நிறுவ, டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் கருவிக்கான கட்டளை தயாராகவே இருக்கிறது; அது அந்த ஒன்றை மட்டும் இழுக்கும். நிறைய சோதிப்பவர்களுக்கு ஃபெடோரா-ஈஸி-கர்மா என்ற கருவி, நிறுவியிருக்கும் டெஸ்டிங் அப்டேட்களை வரிசையாகக் காட்டிக் கர்மா கேட்கும். திரும்பிப் போவதில்தான் சிக்கல். அப்டேட்ஸ் ரிப்போ கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே சில நேரம் டவுன்கிரேட் செய்தால் (முந்தைய பதிப்புக்குத் திரும்பினால்) நேற்றைய பதிப்புக்குப் பதிலாக, ஃபெடோரா வெளியான நாளில் இருந்த பழைய பதிப்புக்கே போய்விடும். ஃபெடோரா-ரெப்போஸ்-ஆர்க்கைவ் பேக்கேஜை முன்பே நிறுவி வைத்தால் இடைப்பட்ட பதிப்புகளும் கிடைக்கும். கெர்னலுக்கு இந்தக் கவலை இல்லை. இயல்பாகவே மூன்று கெர்னல்கள் இருக்கும், பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தால் போதும்.

கிரிட்டிக்கல் பாத் அப்டேட்களை ஓபன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனை அமைப்பு தானாகவே ஓட்டிப் பார்க்கிறது. தோற்றால் போதி தள்ளாது. பூட் ஆகிறதா, லாகின் வருகிறதா, அடுத்த அப்டேட் நிறுவ முடிகிறதா என்பதையெல்லாம் இயந்திரமே பார்த்துவிடுவதால், மனிதர்கள் பிரிண்டர், புளூடூத், இரண்டாவது திரை என்று இயந்திரம் தொடாதவற்றில் நேரம் செலவிடலாம். சோதனை தவறாகத் தோற்றது என்று பராமரிப்பாளர் காரணம் எழுதித் தள்ளுபடி செய்யவும் வழி உண்டு. அந்தப் பொத்தானை அழுத்தும் முன் பதிவுகளை முழுதாகப் படிப்பது கட்டாயம்.

மற்ற லினக்ஸ் வெளியீடுகள் வேறு வழியில் போகின்றன. டெபியனில் ஓட்டே கிடையாது. அன்ஸ்டேபிள் என்ற முதல் கிளையிலிருந்து டெஸ்டிங் என்ற அடுத்த கிளைக்குப் போக, அவசரத்தைப் பொறுத்து 10, 5, 2 நாள் என்று காத்திருப்பு. கடுமையான பக் பதிவானால் தடை. எளிமையான முறை. ஆனால் சோதித்தவர் யாராவது இருந்தாரா என்பதே தெரியாது. உபுண்டுவில் ஸ்டேபிள் வெளியீட்டுக்குப் போகும் அப்டேட்டில் குறிப்பிட்ட பக் திருந்தியதை ஒருவர் உறுதி செய்ய வேண்டும், வழக்கமாக 7 நாளும் இருக்க வேண்டும். அதற்கு மேல் படிப்படியான வெளியீடும் உண்டு: முதலில் ஒரு சிறு பகுதிப் பயனர்களுக்கு மட்டும் போகும், கிராஷ் அறிக்கைகள் கூடினால் அங்கேயே நிற்கும். இது இல்லாததுதான் போதியின் பெரிய குறை. போதியில் ஸ்டேபிள் என்று ஆகிவிட்டால், மிரர்கள் (ரிப்போவின் நகல் சர்வர்கள்) புதுப்பித்த உடனேயே எல்லோருக்கும் போய்விடும்.

அந்த வசதி வரும் வரை, கிரிட்டிக்கல் பாத் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் வெள்ளி மாலை ஸ்டேபிளுக்குத் தள்ளாமல் திங்கள், செவ்வாயில் தள்ளினாலே பழுதைப் பார்த்துத் திருத்த ஆட்கள் இருப்பார்கள். இன்று தள்ளும் திருத்தம் மிரர்களைச் சேர எப்படியும் ஒரு நாளாவது ஆகும்.