டீம்ஸ்டெப்ஸ் 3.0: வார்டுக்குத் தைத்த சட்டை வாசற்படியில் பொருந்துமா?

மருத்துவம், செவிலியம், பார்மசி, பிசியோதெரபி, சமூகப்பணி என்று பல துறை மாணவர்களை ஒரே குழுவாக்கி வீடுகளுக்கு அனுப்பும் சேவைவழிக் கற்றலைத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது குழுப்பயிற்சிக்கு ஒரு பாடத்தை. தேடினால் சீக்கிரம் கையில் சிக்குவது டீம்ஸ்டெப்ஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் ஏ.எச்.ஆர்.க்யூ. என்ற அந்நாட்டு அரசு முகமையும் சேர்ந்து உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. காசு கிடையாது, பாடங்களும் பாக்கெட் கையேடும் இணையத்திலேயே இருக்கின்றன.

குழுவாக வேலை செய்வதை இது நன்றாகவே சொல்லித்தருகிறது. சேவை என்ற பாதி இதில் இல்லை, அதை நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும்.

பாடம் நான்கு திறன்களைச் சுற்றி நடக்கிறது: தகவல் பரிமாற்றம், தலைமை, நிலைமையைக் கவனித்தல், ஒருவருக்கொருவர் கைகொடுத்தல். ஒவ்வொன்றின் கீழும் ஏகப்பட்ட கருவிகள், ஏகப்பட்ட சுருக்கெழுத்துகள். எல்லாவற்றையும் நடத்த முயன்றால் மாணவர்களுக்கு நினைவில் நிற்பது சுருக்கெழுத்துகள் மட்டும்தான். வீட்டுச் சந்திப்புக்கு நான்கு போதும்: போகும் முன் ஐந்து நிமிட முன்பேச்சு, எஸ்பார் (தகவலை வரிசையாகச் சொல்லும் முறை), கஸ் (ஆபத்தைத் தடுக்கப் படிப்படியாகக் குரல் கொடுக்கும் முறை), திரும்பியதும் பின்பேச்சு. இந்த நான்கையும் இரண்டு மணி நேரத்தில் நடித்துப் பழக்கிவிடலாம்.

முன்பேச்சுக்குக் கையேட்டில் உள்ள சரிபார்ப்புப் பட்டியல் அருமை, ஆனால் எழுதப்பட்டது வார்டுக்கு. வீட்டுக்கு இன்னும் மூன்று கேள்விகள் சேர்க்க வேண்டும்: யார் முதலில் பேசுவது, யார் எழுதுவது, எத்தனை பேர் உள்ளே போவது. இதைத் தீர்க்காமல் போன குழுவில் ஐந்து பேரும் தனித்தனியாக “என்னென்ன மாத்திரை போடுறீங்க?” என்று கேட்பார்கள். மூன்றாவது முறை கேட்கும்போதே வீட்டுக்காரர் களைத்துவிடுவார். ஐந்து துறைப் படிவங்களையும் முன்னதாகவே மேசையில் பரப்பி, ஒரே கேள்வி இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அடித்துவிட்டு, பொதுத்தாள் ஒன்று தயாரியுங்கள். தலைமையையும் அட்டவணை போட்டுச் சுழற்றுங்கள். விட்டுவிட்டால் அது தானாக மருத்துவ மாணவர் கைக்குப் போய்விடும். யாரும் கேட்காததால் பார்மசி மாணவர் வாயே திறக்காமல் திரும்புவார்.

இந்தப் பெட்டியில் விலைமதிப்புள்ள பொருள் எஸ்பார்தான். நிலவரம், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்லும் முறை. எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொல்லும் 70 வயதுக்காரர் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கும் பார்மசி மாணவர், வேறு வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டைகளிலும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். செவிலிய மாணவர் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கிறார். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய சீட்டுகள் இவை, முதல் சீட்டு இரண்டாமவரிடம் காட்டப்படவே இல்லை என்பதைச் சமூகப்பணி மாணவர் பேச்சுவாக்கில் வாங்கிவிடுகிறார். மேற்பார்வை மருத்துவருக்குப் போன் இப்படிப் போக வேண்டும்:

“70 வயது, ஒரு வாரமா எழுந்தா தலைசுத்துதுங்கிறார். ரெண்டு டாக்டர் எழுதினதுல அம்லோடிபின் ரெண்டு பேர்ல போகுது, தினமும் ரெண்டையும் போடுறார். படுத்தப்ப 138/84, எழுந்து மூணு நிமிஷத்துல 112/72. டோஸ் ரெட்டிப்பானதுதான் காரணமா இருக்கலாம்னு நினைக்கிறோம். இன்னிக்கே பார்க்க முடியுமா சார்? அதுவரைக்கும் மாத்திரைக்கு என்ன சொல்லட்டும்?”

அரை நிமிடப் பேச்சு. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே இரண்டுமே அதைத் தாண்டிவிட்டன. மாணவர்கள் பரிந்துரையில் தடுமாறுவார்கள். முதல் மூன்றையும் அழகாகச் சொல்லிவிட்டு “அவ்வளவுதான் சார்” என்று நிறுத்துவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கப் பழக்குவதில்தான் பயிற்சி நேரம் பாதி போகும். மாத்திரையை நிறுத்தச் சொல்வது மாணவர் வேலை அல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அதே வீட்டில் பிசியோ மாணவர் நடைச் சோதனைக்குத் தயாராகிறார் என்று வையுங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம். பிரஷர் இப்படி இறங்கும் நாளில் அதைத் தள்ளிப்போடுவதே முறை. யார் தடுப்பது? கஸ் இதற்குத்தான்: முதலில் “கவலையா இருக்கு”, கேட்காவிட்டால் “எனக்கு மனசு ஒப்பல”, அதற்கும் மசியாவிட்டால் “இது பாதுகாப்புப் பிரச்னை, நிறுத்துங்க”. காகிதத்தில் எளிது. இரண்டாம் ஆண்டு மாணவர் இறுதியாண்டு மாணவரிடம் மூன்றாம் படிக்குப் போவது அரிது. குழுவை ஒரே ஆண்டு மாணவர்களாக அமைத்தால் பாதி சிக்கல் தீரும்.

பின்பேச்சு இன்னொரு நல்ல பகுதி. வீட்டை விட்டு வந்த அரை மணிக்குள் 15 நிமிடம் ஒதுக்குங்கள். மறுநாள் வகுப்பில் வைத்தால் அது சிந்தனைக்கட்டுரை எழுதும் சடங்காகிவிடும்.

இனி குறைகள். மூன்றாம் பதிப்பு நோயாளியையும் குடும்பத்தையும் குழுவில் ஒருவராக வைக்கிறது, நல்ல மாற்றம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை ஊர்மக்கள் தீர்மானிப்பது சேவைவழிக் கற்றலின் உயிர். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இருக்கவும் வழியில்லை. இது வார்டில் தவறுகளைக் குறைக்கப் பிறந்த பாடம். ஆக, உள்ளூர் அமைப்போடு போடும் ஒப்பந்தம், அவர்கள் கேட்டது என்ன, தேர்வு மாதத்தில் யார் போவது, படிப்பு முடிந்து குழு கலையும்போது குடும்பத்தை யாரிடம் ஒப்படைப்பது, எல்லாம் நாமே எழுத வேண்டியவை. ஒரே ஒரு முறை போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வருவதைச் சேவைவழிக் கற்றல் என்று அழைக்காதீர்கள். அதே வீட்டுக்கு நான்கைந்து முறையாவது போக வேண்டும்.

கூடவே வரும் மனப்பான்மைக் கேள்வித்தாளில் 30 கேள்விகள். குழுவாக வேலை செய்வது நல்லதுதான் என்று தொடக்கத்திலேயே எல்லோரும் அதிக மதிப்பெண் போட்டுவிடுவதால், முடிவில் ஏறுவதற்கு இடமிருக்காது. அதற்குப் பதில், பிற துறையினரோடு சேர்ந்து வேலை செய்யும் திறனைக் கேட்கும் 20 கேள்விகள் கொண்ட ஐகாஸ் கேள்வித்தாளைப் பரிந்துரைப்போம். முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி என்று இரண்டையும் கடைசியில் சேர்த்துக் கேட்பதால், தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்த பிறகு மாணவர் பதில் சொல்கிறார். ஆனால் இரண்டுமே மாணவர் தன்னைப் பற்றிச் சொல்வதுதான். வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

ஆகவே பாக்கெட் கையேட்டோடு ஒரு பரிந்துரைப் பதிவேடும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, யாரை, எங்கே அனுப்பினோம் என்ற கட்டங்கள் எல்லாப் பதிவேட்டிலும் இருக்கும். “போனாரா? அங்கே என்ன சொன்னார்கள்?” என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டு, அடுத்த முன்பேச்சை அந்தக் கட்டத்தை வாசித்துத் தொடங்குங்கள்.