செயின்சா, மரமேறும் வகுப்புகள்: 40 வயதைத் தாண்டியவர் எதற்குப் பணம் கட்டலாம்?

பிரிட்டனில் மரம் வெட்டும் தொழிலுக்கு மாற நினைப்பவரின் கண்ணில் முதலில் படுவது பயிற்சி நிலையங்களின் விளம்பரம். செயின்சா, மரமேறும் வகுப்புகளுக்கு சி.எஸ். என்று தொடங்கும் எண்கள் உண்டு. சி.எஸ். 30, 31, 38, 39 எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்து, சில வாரங்களில் 'ட்ரீ சர்ஜன்' (மரத்தில் ஏறி அறுக்கும் தொழிலாளி) ஆகிவிடலாம் என்று விற்கிறார்கள். படத்தில் கயிற்றில் தொங்குவது எப்போதும் இருபது சொச்சம் வயதுப் பையன்தான். 45 வயதில் கடையையோ கிடங்கையோ அலுவலகத்தையோ விட்டு வருபவருக்கு இந்தக் கட்டு ஒத்துவராது. வகுப்புகளில் குறை இல்லை, வாங்கும் வரிசைதான் தப்பு.

சி.எஸ். எண்கள் பழைய பெயர்கள். சான்றிதழில் இன்று வேறு தலைப்பு இருக்கும், ஆனால் வேலை விளம்பரத்திலும் வேலையாட்கள் பேச்சிலும் இந்த எண்கள்தான் ஓடுகின்றன. சான்றிதழ் தரும் அமைப்புகளில் சிட்டி அண்ட் கில்ட்ஸ், லான்ட்ரா இரண்டுமே தெரிந்த பெயர்கள், எதுவானாலும் பரவாயில்லை. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டணத்தில் தேர்வும் சேர்ந்திருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? வகுப்புக்கு வந்துபோனதற்கான சான்றிதழ் வேறு, தேறியதற்கான சான்றிதழ் வேறு. நான்கு பேருக்கு மேல் என்றால் பாதி நேரம் அடுத்தவர் அறுப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும்.

சி.எஸ். 30, அதாவது செயின்சா பராமரிப்பும் கிடந்த மரத்தைத் துண்டு போடுவதும், கட்டிய காசுக்கு முழுப் பலன் தரும் வகுப்பு. பலர் பராமரிப்புப் பகுதியைச் சலிப்போடு கடத்துகிறார்கள். வயது கூடியவருக்கு அதுதான் உயிர்நாடி. மழுங்கிய சங்கிலி சீவலுக்குப் பதில் மாவாகத் தள்ளும். அறுக்கத் தோளைக் கொடுத்து அழுத்த வேண்டிவரும், அதிர்வும் கைக்குள் ஏறும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. அரம், சிறிய 3/8 லோ புரொஃபைல் சங்கிலிக்கு 4 மி.மீ. அரம். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைக் கோணம். பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழமானி பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை அதிகம் ராவிவிட்டால் ரம்பம் கடித்து உதறும். ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டால் வெட்டு வளைந்துகொண்டே போகும், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நேராகாது. சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும் என்பதையும், இழுபடும் பக்கம் எது நெரிபடும் பக்கம் எது என்று கட்டையைப் பார்த்தே சொல்வதையும் இங்கேதான் கற்றுத்தருவார்கள். நெரிபடும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, இழுபடும் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பார் சிக்கிக்கொள்ளும்.

சி.எஸ். 31 இதோடு சேர்ந்தே விற்கப்படுகிறது, சேர்த்தே எடுக்கலாம். 380 மி.மீ. விட்டம் வரையுள்ள மரத்தைச் சாய்ப்பதுதான் பாடம். விழும் பக்கத்தில் போடும் வாய்வெட்டின் ஆழம் விட்டத்தில் 20 முதல் 25 சதவீதம், வெட்டாமல் விடும் கீல் 10 சதவீதம். 30 செ.மீ. மரமென்றால் வாய் 6 முதல் 7.5 செ.மீ., கீல் 3 செ.மீ. மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டிப் போய்விட்டால், மரம் சாயும்போது வாய் சீக்கிரம் மூடி, கீல் முன்கூட்டியே முறிந்து, மரம் போகிற போக்கில் போகும். முன்னே சாய்ந்து நிற்கும் மரத்துக்கு வேறு வெட்டு உண்டு. அதைச் சாதாரண மரம்போல் பின்னாலிருந்து அறுத்தால் தண்டு நெடுக்கப் பிளந்து பின்பக்கம் எழும், உயிரைக் குடிக்கும் தவறு அது. அதற்கான 'டாக் டூத்' வெட்டைக் கையால் செய்ய வைக்கும் இடமா என்று கேட்டுச் சேருங்கள். கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடும் வகுப்பு வேண்டாம்.

இந்த இரண்டோடு, கிளைகளைத் துண்டு துண்டாக அரைக்கும் இயந்திரமான சிப்பருக்கான வகுப்பும், காட்டு வேலைக்கான கூடுதல் பகுதியோடு கூடிய முதலுதவிச் சான்றிதழும் எடுத்துவிட்டால் தரையில் நின்று செய்யும் வேலைக்கு நீங்கள் தயார். இவற்றில் கவர்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் வேலைக்குள் நுழையும் வாசல் இவைதான். ஒருவர் மேலே அறுத்தால், விழுந்த கொப்பை இழுத்துச் சிப்பரில் ஊட்டுவதே நாளின் பெரும்பகுதி. அடிப்பக்கம் முதலில் போக வேண்டும், பக்கவாட்டில் நிற்க வேண்டும், உருளை பிடித்த கணமே கையை விட்டு விலக வேண்டும். அகலமான மணிக்கட்டு உள்ள கையுறை கூடாது. வாரிக் கூட்டிய குப்பையைச் சிப்பரில் கொட்டும் புது ஆளை முதல் நாளே திட்டுவார்கள். அதிலுள்ள மண்ணும் கல்லும் கத்தியை மழுக்கிவிடும்.

இங்கேதான் வயது கைகொடுக்கிறது. 1997 ஜனவரி 1க்கு முன் பிரிட்டனில் கார் தேர்வில் தேறியவரின் உரிமத்தில் 7.5 டன் வரையுள்ள லாரி ஓட்டும் சி1 பிரிவு தானாகவே இருக்கும். 90களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து உரிமம் எடுத்த தமிழர்கள் பலரின் பையில் இது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இளையவர் இதைத் தனியாகப் படித்துத் தேற வேண்டும். டிப்பர் லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய விஷயம், விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். காரிலோ வேனிலோ சிப்பரை இழுத்துச் செல்வதில் இப்போது யாருக்கும் தனி அனுகூலம் இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனாலும் இழுவண்டியைப் பின்னோக்கி நேராக விடத் தெரிந்தவர்கள் குறைவு, அதைப் பழகிக்கொண்டு போவது நல்லது.

சி.எஸ். 38 மரமேறுவதும் மேலே அடிபட்டவரை இறக்குவதும். விலை கூடுதல், உடம்பை உரித்தெடுக்கும், தோள்பட்டையும் முழங்காலும் முதலில் முறையிடும். இதை முதல் வருடத்தில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் வாங்கவே வேண்டாம் என்பதும் தப்பு. ஒருவர் மரத்தில் இருக்கும்போது, உடனே ஏறிக் காப்பாற்றத் தெரிந்த இன்னொருவர் அதற்கான கருவிகளோடு தரையில் இருந்தாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாதுகாப்பு நெறி. சிறு குழுவில் அந்த இன்னொருவர் கிடைக்காமல்தான் திண்டாடுகிறார்கள். ஆக, தினமும் ஏறுவதற்காக அல்ல, ஏறத் தெரிந்த தரையாளாக மதிப்புக் கூடுவதற்காக இதை எடுக்கலாம். சேரும்போது, தனித்தனியாக நங்கூரமிட்ட இரண்டு கயிற்று முறையும், நிலைத்த கயிற்றில் காலால் உந்தி ஏறும் முறையும் உண்டா என்று பாருங்கள். காலால் ஏறுவது தோளுக்கு ஆறுதல். கயிறு, இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் எல்லாவற்றையும், தூக்கும் கருவிகளுக்கான 'லோலர்' விதிப்படி 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். பழைய ஹார்னஸைச் சல்லிசாக வாங்கினால் அந்தச் சோதனையில் தேறாமல் நிற்கும்.

சி.எஸ். 39, கயிற்றில் தொங்கியபடி ரம்பம் பிடிப்பது. தாராளமாகத் தள்ளிப்போடலாம். அந்தப் பணத்தை, ஆளை மேலே தூக்கும் இயந்திர மேடையை இயக்கப் பயிற்சி பெற்றதற்கான ஐபாஃப் அட்டைக்கு (5 ஆண்டு செல்லும்) மாற்றிவிடுங்கள். பிரிட்டனில் ஆஷ் மரங்களைக் கொல்லும் நோய் 2012இல் கண்டறியப்பட்டது. நோய் பிடித்த ஆஷ் உளுத்து, சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதில் ஏறுவதைவிட மேடையிலிருந்து அறுப்பதே முறை, அந்த வேலை இன்னும் பல வருடம் இருக்கும்.

அலுவலக வேலையிலிருந்து வருபவருக்கு இன்னொரு பாதை மரச் சோதனையும் விலை மதிப்பீடும். லான்ட்ராவின் அடிப்படை மரச் சோதனை வகுப்பு சிறியது, தொடங்க நல்லது. அதற்கு மேலுள்ள தொழில்முறை வகுப்பை ஓரளவு மரங்களைப் பார்த்துப் பழகிய பிறகு எடுத்தால்தான் மண்டையில் ஏறும். கவுன்சில் பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றி அழித்தால் இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதியில், 1.5 மீ. உயரத்தில் 75 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள மரத்தைத் தொட 6 வாரம் முன்னறிவிப்பு தர வேண்டும். இந்தப் படிவங்களைப் பிழையில்லாமல் எழுதுபவரைச் சிறு நிறுவன முதலாளி விடமாட்டார், ஏனென்றால் அவர் அதை ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்.

உடுப்புச் செலவு: வகுப்புக்குப் பெரும்பாலும் சொந்தப் பூட்ஸும் செயின்சா பேன்ட்டும் கேட்பார்கள். தரை வேலைக்கு முன்பக்கம் மட்டும் காப்புள்ள ஏ வகை போதும், அது கோடையில் அவிக்காது. சுற்றிலும் காப்புள்ள சி வகை ஏறுபவருக்கு. வேலையில் சேர்ந்த பிறகு பாதுகாப்பு உடுப்பை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2022 ஏப்ரல் 6 முதல் நிரந்தர ஊழியர் அல்லாத தொழிலாளருக்கும் இது பொருந்தும். சுயதொழில் கணக்கில் நாள் கூலிக்குக் கூப்பிட்டால் எல்லாம் உங்கள் செலவு, காப்பீடும் உங்களுடையது. முதல் வருடத்தில் அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டாதீர்கள்.

வேலை தேட, ஆர்பொரிகல்ச்சரல் அசோசியேஷன் அங்கீகரித்த ஒப்பந்ததாரர் பட்டியலில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ளவர்களை எடுத்து, மாலை வண்டிகள் திரும்பும் நேரத்தில் நேரில் போங்கள். ஒரு நாள் சோதனை வேலைக்கு அழைத்தால் கூலி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அன்றைக்குச் சிப்பரையும் லாரியையும் கொடுத்துப் பார்ப்பார்கள், மரத்தில் ஏறச் சொல்லமாட்டார்கள்.