பழைய எம்.டி.பி. ஃபோர்க்: பிரித்துச் சரிசெய்வதா, புதுசு மாட்டுவதா, சாதா ஃபோர்க்கா?

1990களின் எம்.டி.பி. (மலைப்பாதைக்கான) சைக்கிள் ஒன்று வீட்டில் கிடக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ஷாக் அழுந்த மறுக்கிறது, அழுந்தினால் எழுந்து வருவதில்லை. கும்பகோணமோ மன்னார்குடியோ, கடையில் கேட்டால் பதில் ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் சாமான் வராது தம்பி, புது ஷாக் மாட்டிடலாம்." இருக்கும் மூன்று வழிகளில் நான் கடைசியாக வைப்பது அதைத்தான்.

முதலில் பழையதைப் பிரித்துப் பாருங்கள். 1989-இல் வந்த ராக்ஷாக்ஸ் கம்பெனியின் ஆர்.எஸ்.-1 ஃபோர்க் காற்றையும் எண்ணெயையும் வைத்து வேலை செய்தது. 90களின் நடுவில் வந்த அதே கம்பெனியின் ஜூடி, இண்டி போன்றவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர் துண்டுகள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட யூரிதேன் அது. ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கால்களை உருவி, மேல்மூடியையும் கழற்றினால், உள்ளே எலாஸ்டோமர் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பார்த்ததும் ஃபோர்க்கே போச்சு என்று நினைத்துவிட வேண்டாம். போனது அந்தத் துண்டுகள் மட்டும்தான்.

ஃபோர்க் பிழைக்குமா என்பதைச் சொல்வது, கீழ்க்கால்களுக்குள் ஏறி இறங்கும் மேல்குழாய்கள். துணியால் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கினால் செலவு செய்யலாம். மாட்டினால், அந்தக் கீறல் புது சீலையும் அறுத்துவிடும். ரப்பர் உறை போட்ட மாடல் என்றால் உறையைத் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உள்ளே புகுந்த மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல், உறை மறைத்த இடத்திலேயே துருக்குழி விழுந்திருக்கும்.

குழாய் நன்றாக இருந்தால் எலாஸ்டோமர் இருந்த இடத்தில் சுருள் ஸ்பிரிங் போடுவதுதான் சரி. லேத்தில் கெட்டி பாலியூரிதேன் கம்பியை வெட்டிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். காற்றறை இல்லாத கெட்டிப்பொருள் அவ்வளவு அழுந்தாது. இருசக்கர வாகனத்து ஆயில் சீலும் அப்படித்தான். அளவு பொருந்தினாலும், அதன் விளிம்பை இறுக்கும் சுருள் வளையம் சைக்கிளின் எடைக்கு அதிகம். ஷாக் சின்னக் குழியில் அசையாது. சைக்கிளுக்கான தூசி சீலைக் குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்து வரவழைப்பதே நல்லது. எண்ணெய் மட்டும் பைக் ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். ஜூடியின் டாம்பருக்கு (துள்ளலை அடக்கும் பகுதி) மெல்லிய ஃபோர்க் ஆயில்தான். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஷாக் மந்தமாகிவிடும்.

சரி, புது ஷாக்கில் என்ன கோளாறு? மலிவாகக் கிடைப்பவை கனம். பழைய ஜூடி ஒன்றரைக் கிலோவைச் சுற்றி இருக்கும், இவை இரண்டு கிலோவைத் தாண்டும். பலவற்றில் எண்ணெய் டாம்பரே கிடையாது, ஸ்பிரிங் மட்டும் துள்ளும். அதைவிடப் பெரிய விஷயம் உயரம். 80 மி.மீ. ஆட்டத்துக்கென்று (ஷாக் அழுந்தும் தூரம்) செய்த பிரேமில் 120 மி.மீ. ஷாக்கை மாட்டினால் முன்பக்கம் சுமார் 4 செ.மீ. தூக்கி, ஹேண்டில் கோணம் ஏறத்தாழ 2 டிகிரி சாய்ந்துவிடும். வரப்பை ஒட்டிய ஒற்றையடியில் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் தள்ளாடும். டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் செய்த ஃபோர்க்கில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் உங்கள் வி-பிரேக்கை மாட்ட இடமே இருக்காது. அப்புறம் டிஸ்க்குக்காகச் சக்கர நடுவிலுள்ள ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

குழாய் கெட்டுப்போயிருந்தால் என் ஓட்டு ஷாக் இல்லாத சாதா ஃபோர்க்குக்கு. கல்லணையிலிருந்து கடல் வரை நமக்குப் பாறையும் இல்லை, இறக்கமும் இல்லை. வெண்ணாற்றங்கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் இருக்கும் குண்டு குழிக்குக் கொஞ்சம் காற்றைக் குறைத்த அகல டயரே போதும். ஐப்பசி, கார்த்திகையில் இதன் அருமை இன்னும் தெரியும். ஷாக் ஃபோர்க்கில் இரண்டு கால்களையும் இணைக்கும் வளைவு டயரைத் தொடாத குறையாக நிற்பதால் களிமண் அங்கே அப்பிச் சக்கரத்தையே பிடித்துவிடும். சாதா ஃபோர்க்கில் சேறு விழுந்து போக இடம் உண்டு. நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூடி போன்றவற்றின் கீழ்க்கால் மெக்னீசியம். உப்புக்காற்றில், இரும்பு போல்ட் தொடும் இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கும்.

வாங்கும்போது நீளத்தைக் கவனியுங்கள். ஷாக்குக்குப் பதிலாகவென்றே செய்த, சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை பழையதன் உயரமே உள்ள ஃபோர்க்தான் வேண்டும். ஹேண்டிலுக்குள் போகும் தண்டு 1 அங்குலமா 1⅛ அங்குலமா, மரை போட்டதா போடாததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டு நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால் பழைய ஃபோர்க்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்த பிறகு பணம் கொடுங்கள்.