புல்பப் ரைஃபிளுக்கு 'முழு செட்' ஆப்டிக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"புல்பப்புக்கென்றே தயாரித்த முழு செட்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். குறி பார்க்கும் ஹோலோகிராஃபிக் சைட், அதன் பின்னால் வைக்கும் 3 மடங்கு மேக்னிஃபையர் (உருப்பெருக்கி), சைட்டைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட், முன்கைக்கான முன்பிடி, குழல்வாயில் மாட்டி உதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் என்று சொல்லி எனக்கு விற்றார்கள். வந்து சேர்ந்தது ஒரு போலி சைட், அளவு பொருந்தாத மவுண்ட், துப்பாக்கியில் ஏறவே ஏறாத முன்பிடி. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "மாட்டிப் பார்த்துவிட்டீர்கள் சார், இனி ரிட்டர்ன் கிடையாது" என்ற ஒரே பதில்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் விற்ற முறையைத்தான் சொல்லப் போகிறேன். இதே முறையில் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில், புல்பப்புக்கு ஏன் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது. புல்பப்பில் மேகசினும் போல்ட்டும் ட்ரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கும் கட்டைக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் குழலைக் குறைக்காமலே மொத்த நீளம் குறைகிறது. ஸ்டெயர் ஆக் என்ற புல்பப் துப்பாக்கியில் 508 மி.மீ. குழல் இருந்தும் மொத்த நீளம் 790 மி.மீ.தான். ஏறக்குறைய அதே நீளக் குழல் கொண்ட சாதாரண வடிவ ரைஃபிளான எம்16 ஒரு மீட்டரைத் தொடும். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கன்னம் வைக்கும் இடம் மேகசினுக்கும் போல்ட்டுக்கும் மேலேயே வருகிறது, சைட் மாட்டும் மேல் ரெயில் முகத்துக்கு மிக அருகில் தொடங்குகிறது அல்லது குட்டையாக இருக்கிறது, முன்கை பிடிக்கும் பகுதியும் குறைவு. சாதாரண ரைஃபிளுக்கு அளவெடுத்துச் செய்த எதுவும் இதில் அப்படியே உட்காரும் என்று நம்பவே கூடாது. ஆக்கின் முதல் வடிவத்தில் 1.5 மடங்கு ஸ்கோப்பைத் தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே பொருத்தி வைத்ததும், பிரிட்டனின் எல்85 ரைஃபிளுடன் 4 மடங்கு சைட்டைச் சேர்த்தே கொடுத்ததும் வீணாக அல்ல. சைட்டின் உயரத்தையும், கண்ணுக்கும் சைட்டுக்கும் இடையே வேண்டிய தூரத்தையும் துப்பாக்கியை வடிவமைத்தவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து வாங்கும்போது அந்தக் கணக்கை நாம் போட வேண்டியிருக்கிறது. எனக்கு விற்றவர்கள் அதைப் போட்டுவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். போடவே இல்லை.

மவுண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். புல்பப்பில் தோள்கட்டை குழலின் நேர்க்கோட்டிலேயே இருப்பதால் சைட் கொஞ்சம் உயர்ந்துதான் நிற்க வேண்டும். எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் மாறும். சில ரகங்களில் ரெயிலே ஏற்கெனவே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் இன்னொரு உயர மவுண்டை வைத்தால் கன்னம் படாது, தாடைதான் படும். என் செட்டில் வந்தது அப்படிப்பட்ட உயரம். ஒவ்வொரு முறை துப்பாக்கியைத் தூக்கும்போதும் தலை வேறு வேறு இடத்தில் நிற்கும், சைட்டில் தெரியும் குறிப்புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். உயரம் கூடக் கூட அருகில் சுடும்போது தோட்டா எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதும் கூடும். சைட் குழலுக்கு 7 செ.மீ. மேலே இருந்து, 50 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால் (குறியும் தோட்டா படும் இடமும் ஒன்றாகும்படி சைட்டைத் திருத்தியிருந்தால்), 10 மீட்டரில் தோட்டா குறிவைத்த இடத்துக்கு 5 செ.மீ.க்கும் மேல் கீழே படும். உயரமே தேவையில்லாமல் கூட்டப்பட்டால் இதெல்லாம் சும்மா வாங்கிக்கொண்ட தொல்லை.

அதைவிட மோசம் அந்த மவுண்ட்டின் அடிப்பகுதி. பிகாட்டின்னி, வீவர் என்பவை இரண்டு வகை ரெயில் அளவுகள். விளம்பரத்தில் பிகாட்டின்னி என்று போட்டிருந்தார்கள். வந்ததில் ரெயில் பள்ளத்தில் இறங்கும் குறுக்குக் கட்டை வீவர் அளவு. பிகாட்டின்னி ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் பள்ளம் 4.57 மி.மீ. வீவர் கட்டை பிகாட்டின்னி பள்ளத்தில் இறங்கிவிடும், அதனால் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட இடம் இருக்கும். ரெயிலைக் கவ்வும் தாடை நல்ல எஃகாக இருந்து, முன்னோக்கித் தள்ளி வைத்து இறுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். இதில் தாடையும் மலிவான வார்ப்பு அலுமினியம். இறுக்கினால் திருகுப்புரி தேய்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது.

அடுத்து சைட். பிரபலமான ஒரு கம்பெனியின் ஹோலோகிராஃபிக் சைட் என்று அதன் முத்திரையோடு, பெட்டியோடு, உத்தரவாத அட்டையோடு கொடுத்தார்கள். உண்மையான ஹோலோகிராஃபிக் சைட்டில் ஒரு லேசர் டயோடு, கண்ணாடிக்குள் பதிந்திருக்கும் ஹோலோகிராமை ஒளியேற்றும். சாதாரண ரெட் டாட்டில் (சிவப்புப் புள்ளி சைட்டில்) ஒரு எல்இடி, பூச்சு பூசிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வரும். லேசருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், அதனால் ஹோலோகிராஃபிக் சைட்டில் பேட்டரி சுமார் ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம்தான் தாங்கும். 50,000 மணி நேரம் என்பது நல்ல எல்இடி ரெட் டாட்டுக்குச் சொல்லும் கணக்கு. எனக்கு விற்ற விளம்பரத்தில் 'ஹோலோகிராஃபிக்' என்றும் '50,000 மணி நேரம்' என்றும் ஒரே வரியில் இருந்தது. இரண்டும் ஒரே சைட்டில் சேர்ந்து இருக்க முடியாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாலே பாதி போலிகளைத் தள்ளிவிடலாம்.

பொருள் கையில் இருந்தால் இன்னும் சுலபம். பின்னாலிருந்து சாய்த்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு சின்ன எல்இடி மினுங்கினால், முன் கண்ணாடி நீலமாகவோ சிவப்பாகவோ முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னினால் அது ரெட் டாட்தான். மேக்னிஃபையரைப் பின்னால் வைத்துப் பார்த்தால் உண்மையான ஹோலோகிராஃபிக்கில் நடுப்புள்ளி கூர்மையாகவே நிற்கும். என்னுடையதில் அது கசங்கிய நட்சத்திரம் போலப் பரவியது. வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேட்டேன். அது முற்றிலும் வேறொரு மாடலுக்கு உரிய எண் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரேஞ்சில் இது எப்படி வெளிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மணல் மூட்டையில் தாங்கி வைத்து ஜீரோ செய்தால், முதல் குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட தோட்டாக்கள் படும் கூட்டம்) நன்றாக விழும். அடுத்த குரூப் வலது மேலே போகும். திருத்தினால் அதற்கடுத்தது இடது கீழே. தோட்டாவில் கோளாறோ, குழலில் கோளாறோ என்று சந்தேகம் வருவது இயல்பு. விற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள்: "புல்பப் ட்ரிகர் அப்படித்தான் சார், துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது." புல்பப்பில் ட்ரிகரிலிருந்து பின்னால் இருக்கும் சுத்தியல் வரை நீளமான இணைப்புக் கம்பி போவதால் இழுவை கொஞ்சம் குழைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குழைவான ட்ரிகர் குரூப்பைப் பெரிதாக்கும். இறுக்கமாக விழுந்த ஒரு குரூப்பை முழுதாகத் தூக்கி வேறு இடத்தில் வைக்காது. குரூப் இடம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது சைட்டையும் மவுண்ட்டையும்தான்.

ரேஞ்சில் இருந்த ஒரு பெரியவர், பல வருடமாகச் சுடுகிறவர், தன்னுடைய சைட்டை மவுண்ட்டோடு கழற்றிக் கொடுத்தார். அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா. குரூப் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அவர் சொன்னபடி என் சைட்டை வேறொரு நல்ல மவுண்ட்டில் வைத்துப் பார்த்தோம். அலைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. ஆக மவுண்ட்டும் கெட்டது, சைட்டும் கெட்டது. எந்தப் பாகம் தவறு என்று சண்டை போடுவதற்கு முன் இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை எல்லோருக்கும் சொல்வேன்.

இந்த முடிவை எழுதி அனுப்பியபோது வந்த பதில்தான் எனக்கு மிகவும் கோபம் வரவழைத்தது. "வெப்பநிலை மாறினால் எந்த சைட்டும் நகரும், பெரிய கம்பெனிக்கே நடந்தது" என்றார்கள். நடந்தது உண்மை. குளிரிலும் வெப்பத்திலும் குறி விலகும் விவகாரத்தில் ஈயோடெக் ஹோலோகிராஃபிக் சைட்டுகளின் தயாரிப்பாளர் 2015-இல் அமெரிக்க அரசுக்கு 25.6 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அது கடுங்குளிரும் கடும் வெப்பமும் சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு ஒரே காலை, ஒரே வெயிலில் குறி ஊர்ந்தது. உண்மையான ஒரு செய்தியைக் கேடயமாக வைத்துப் போலியை விற்கிறார்கள். இந்தப் பதில் உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பிடி எம்-லாக் என்று எழுதி கீமாட் அனுப்பினார்கள். இரண்டும் முன்பகுதித் துளைகளில் பாகங்களை மாட்டும் வெவ்வேறு முறைகள், ஒன்றின் துளையில் மற்றது மாட்டாது. அது மாட்டியிருந்தாலும் எனக்கு உதவாது. சாய்வான நீளப் பிடி அது. குட்டையான முன்பகுதியில் அதைப் பிடித்தால் விரல்கள் குழல்வாயை நோக்கிப் போகும். சில புல்பப்களில் முன்பக்கம் ஒரு கைத்தடுப்பு இருப்பது பாதுகாப்புக்காக. அதைச் சொல்லாமல் பிடி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். மஸில் பிரேக் விஷயமும் அப்படித்தான். புல்பப்பில் குழல்வாய் முகத்துக்கு ஏற்கெனவே அருகில் இருக்கிறது. பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பும்போது சத்தமும் அதிர்வும் நேரே காதுக்கு வரும். காதடைப்பானும் அதன் மேல் இயர்மஃபும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். இந்தப் பாகங்களில் சிலவற்றைச் சில நாடுகளின் சட்டம் தடுக்கிறது என்பதையும் விற்கும்போது அவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை.

மேக்னிஃபையர் தனிக் கதை. சைட், அதன் பின்னால் மேக்னிஃபையர், அதன் பின்னால் கண்ணுக்கு வேண்டிய தூரம், இவ்வளவுக்கும் ரெயிலில் இடம் வேண்டும். என் ரெயிலில் இரண்டும் ஏறினால் பின்கண்ணாடி புருவத்தைத் தொடும். பக்கவாட்டில் மடக்கினால் காக்கிங் ஹேண்டிலை (போல்ட்டைப் பின்னிழுக்கும் கைப்பிடியை) இழுக்கும் கைமுட்டி அதில் இடிக்கும். ஸ்கோப் வாங்குபவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் உண்டு. ஏஆர் (எம்16 வகை) ரைஃபிள்களுக்கான கேன்டிலீவர் மவுண்ட், அதாவது ஒரு பக்கம் நீண்டு நிற்கும் மவுண்ட், ஸ்கோப்பை முன்னால் தள்ளும். பல புல்பப்களில் அது பின்னால் வர வேண்டும்.

வாங்கும் முன் ரெயிலின் நீளத்தையும், கன்னம் வைத்த நிலையில் கண்ணிலிருந்து ரெயில் முனை வரையான தூரத்தையும் அளந்து, விற்பவரிடம் எழுத்தில் கொடுத்து "இந்த அளவுக்கு இது பொருந்துமா" என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மவுண்ட்டின் குறுக்குக் கட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். சைட்டின் வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தயாரிப்பாளரிடம் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். "மாட்டிவிட்டீர்கள்" என்ற வாதத்துக்கு எனக்கு இன்று கைகொடுப்பது அந்த வீடியோதான், குறுக்குக் கட்டையை அளவுகோலோடு அதில் காட்டியிருக்கிறேன். மாட்டிய பிறகு திருகுகளின் தலையில் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். கோடு விலகாமல் குறி விலகினால் திருகு தளரவில்லை என்பதற்கு அது சாட்சி.

இதே 'முழு செட்'டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சைட்டின் வரிசை எண்ணை எடுத்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஒரே எண் இரண்டு சைட்டுகளில் இருப்பது தெரிந்தால், அதைப் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.