பழத்தோல் என்சைமா, பாக்டீரியா பொடியா, கல்வாழைப் படுகையா?

வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய என்சைம் ஒன்றே போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். என்சைம் உயிரில்லாத ஒரு புரதம். லிப்பேஸ் கொழுப்பை உடைக்கும், அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும், சரி, உடைந்த துண்டுகள் எங்கே போகும்? தண்ணீரிலேயேதான் கிடக்கும். அவற்றைத் தின்று தீர்க்க பாக்டீரியா வேண்டும்.

பழத்தோல் என்சைம் என்று சொல்லப்படும் கரைசலுக்கு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், 3 மாத ஊறல். தரை துடைக்க, சிங்க் கழுவ, ஆசிடுக்குப் பதிலாக இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் கழிவுநீரைச் சுத்தமாக்கும் என்று குடம் குடமாக ஊற்றாதீர்கள். அதன் பிஹெச் 3, 4 அளவில்தான் இருக்கும், அதாவது நல்ல அமிலத்தன்மை, சர்க்கரையும் கரிம அமிலங்களும் வேறு கரைந்திருப்பதால் அளவு கூடினால் தண்ணீரின் பிஓடி, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், குறையாமல் ஏறிவிடும். பிளீச்சிங்கோடு மட்டும் கலக்கவே கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

கடையில் விற்கும் பொடி இதைவிட ஒரு படி மேல். அதில் பெரும்பாலும் பேசில்லஸ் வகை பாக்டீரியா இருக்கும், அது பெருகிப் புதிதாக என்சைமைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆனாலும் செப்டிக் டேங்கில் நம் குடலிலிருந்து போன பாக்டீரியாவே வேண்டிய அளவு இருக்கிறது. அதை பிளீச்சிங் ஊற்றிக் கொல்லாமல் இருந்தாலே போதும், மாதாமாதம் பொடி வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

இடம் இருந்தால் நான் கைகாட்டுவது கல்வாழைப் படுகையைத்தான். குளியல், சமையலறைத் தண்ணீரை முதலில் எண்ணெய் தடுக்கும் தொட்டி வழியாக விட்டு, அப்புறம் அடியில் ஷீட் விரித்து மேலே கல்வாழைச் செடி நட்ட ஜல்லிப் படுகைக்குள் மெதுவாக நகரவிட வேண்டும். ஜல்லியில் படியும் பாக்டீரியா படலம் தனக்கு வேண்டிய என்சைமைத் தானே சுரந்து, உடைத்ததைத் தின்றும் விடுகிறது. என்சைம் தொடாத நைட்ரஜன், பாஸ்பரஸில் ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஜல்லிக்கு மேலே வராதபடி பார்த்துக்கொண்டால் கொசுவும் வராது. முதல் செலவு இதற்குத்தான் அதிகம், எண்ணெய்த் தொட்டியை அடிக்கடி வழித்தெடுக்கவும் வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி அங்கே என்சைம் ஊற்றினால், கரைந்த கொழுப்பு படுகைக்குள் போய்த் திரும்ப உறைந்து ஜல்லியை அடைத்துவிடும். வெளிவரும் தண்ணீர் மரங்களுக்குப் பாய்ச்சத்தான், குடிக்க அல்ல.