சுற்றுப்போட்டியா, புலமைப்பரிசிலா?

உயர்தரம் முடித்த மகளை நேரே தொழின்முறை டெனிஸுக்கு அனுப்புவதா, அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலுக்கு முயல்வதா என்பது மட்டக்களப்புப் பெற்றோருக்கு முதலில் பணக்கணக்கு. மகளிர் தொழின்முறை டெனிஸின் அடித்தட்டான டபிள்யூ 15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டொலர்தான். அதை ஒற்றையரும் இரட்டையருமாகப் பலர் பங்கிடுவதால், முதற்சுற்றில் தோற்பவருக்கு விமானச்சீட்டின் விலைகூடத் தேறாது. விடுதி, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி, அதற்கும் முன்னே கொழும்புக்கு இரவு ரயில் என்று எல்லாமே கைக்காசு. மூன்று போட்டிகளில் புள்ளி பெற்றாலன்றி, அல்லது மொத்தம் 10 புள்ளிகள் சேர்த்தாலன்றி, உலகத் தரவரிசையில் பெயரே ஏறாது.

முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் பயிற்சியாளர், பயணம், பட்டம் மூன்றும் சேர்ந்து வரும். வயது போய்விடும் என்று அஞ்சுவோருக்கு, 2014, 2016 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிச் சம்பியனாகிப் பின்னர் 2022 அவுஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டம் வரை சென்ற அமெரிக்க வீராங்கனை டேனியல் கொலின்ஸே பதில். பதினெட்டு வயதிலேயே முதல் 300 பேருக்குள் நிற்பவளுக்கு மட்டும் நான் சுற்றுப்போட்டியைச் சொல்வேன்.