பாண்டியில் ‘எடைக்கு மீன்’ சாப்பிடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எங்களுக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சேலத்திலிருந்து அத்தை வந்திருந்தார். “கடலப் பாத்துக்கிட்டே நல்ல மீனா ஒரு நாள் சாப்பிடணும்டா கண்ணு” என்றார். அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். மே மாதத்து சனிக்கிழமை சாயங்காலம் மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அத்தை என்று எல்லாரும் பாண்டிக்குப் பஸ் ஏறினோம்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலை வரைக்கும் காலாற நடந்துவிட்டு, ஒயிட் டவுனுக்குள் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். பெயர் எழுதவில்லை. இந்த வித்தை ஒரு கடையோடு முடிகிறதும் இல்லை.

மெனுவில் மீனுக்கு நேராக விலை இல்லை, ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. பரிமாறுகிற தம்பி ஐஸ் போட்ட தட்டில் முழு வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். “காலைல வந்ததுண்ணே. நூறு கிராம் 220. இது எண்ணூறு கிராமுக்கு மேல போவாது.” மீன் நல்ல மீன்தான். வால் துடுப்பில் ஒரு முனை பிய்ந்திருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. 1,760 ரூபாய். அதிகம்தான், அத்தைக்காக என்று சரி சொன்னேன்.

ஏழு துண்டு வந்தது. தலை இல்லை. கேட்டதற்கு, “தல வேஸ்ட்ல போயிடும்ணே” என்றார். மீன் தலையைக் குப்பையில் போடுகிற வீடு எங்கள் ஊரில் கிடையாது. முதல் துண்டைப் பிட்டு அத்தைக்கு வைக்கும்போதே தோல் தடிப்பாகத் தெரிந்தது. மசாலாவை விரலால் தள்ளிப் பார்த்தால், ஓரத்தில் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வஞ்சிரத்தில் செதில் உரிக்கிற வேலையே இருக்காது, தோல் வழவழவென்று வெள்ளித்தாள் மாதிரி இருக்கும். தட்டில் இருந்தது சீலா. சீலா மட்டமான மீன் இல்லை, குழம்புக்கு அருமையாக இருக்கும். ஆனால் அதன் விலை வேறு.

இதை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால், இரண்டு மேசை தள்ளி அதே தம்பி அதே தட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதே மீன், அதே பிய்ந்த வால்.

பில் வந்தது. ‘ஃபிஷ் ஃப்ரை – 1 – 3,190’. எடை 1,450 கிராம் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் இல்லை. மற்றச் சாப்பாடு 1,610. அதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 480. அந்த 480-ஐயும் சேர்த்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 5,544 ரூபாய். மேனேஜரிடம் பேசினேன். மீன் விஷயத்தில் “சுத்தம் பண்ணாத எடை சார்” என்றார். சர்வீஸ் சார்ஜுக்கு “கம்ப்யூட்டர்ல தானா வருது சார்” என்றார். பிள்ளைகள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தேன். பத்து நாளில் ஓட்டலிலிருந்தே கூப்பிட்டு 480-ஐயும் அதற்குப் போட்ட வரி 24-ஐயும் திருப்பி அனுப்பினார்கள். மீன் காசு வரவில்லை. எடை எழுதாத பில்லை வைத்துக்கொண்டு என்னத்தைக் காட்டுவது?

அதனால் எடைக்கு மீன் சொன்னால், அடுப்புக்குப் போகுமுன் உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்த எடையா செய்யாத எடையா என்று கேட்டு, கிராமையும் தொகையையும் ஆர்டர் சீட்டிலேயே எழுதவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தலையும் தட்டுக்கு வரணும் என்று சொல்லிவிடுங்கள். தலை வந்தால் மீனை மாற்ற முடியாது. எழுத மாட்டேன் என்றால் எழுந்துவிடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டோமே என்று கூச்சப்படாதீர்கள்.

நான் யோசிக்காமல் விட்டது இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளில் நாட்டுப்படகு, ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் இங்கத்து மீன். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும் என்பதால் மே மாதத்தில் அங்கிருந்து லாரியில் வரும். பெரிய வஞ்சிரத்தைக் காட்டி “காலைல வந்தது” என்றால், எந்தக் கரையிலிருந்து என்று கேளுங்கள். தடைக் காலத்தில் சங்கரா, நெத்திலி சொல்வது நல்லது. மீன் கணக்கிலோ தட்டுக் கணக்கிலோ தருவார்கள், தராசு வேலையே இல்லை.

பாண்டியில் சாப்பிட இடமா இல்லை? நேரு வீதி காபி ஹவுஸில் தோசையும் காபியும் சாப்பிட்டு விலைப்பட்டியல்படி காசு கொடுத்துவிட்டு வரலாம். கடல் பார்க்க வேண்டுமானால் கடற்கரைச் சாலையிலேயே சுற்றுலாக் கழகம் நடத்துகிற லே கஃபே இருக்கிறது. மீன் சாப்பாட்டுக்கு ஒயிட் டவுனை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முதலியார்பேட்டைப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகிற ஒரு மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு 130 ரூபாய், சங்கரா வறுவல் ஒன்று 90. சிலேட்டில் எழுதி வாசலிலேயே மாட்டியிருப்பார்கள்.

ஊருக்குப் போகுமுன் அத்தையை அங்கேதான் கூட்டிப்போனேன். சங்கராவின் தலையை முள் முள்ளாகப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, “அன்னிக்கே இங்க வந்திருக்கலாமேடா” என்றார்.